நாக்குக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சீனி ஏன் இனிக்கிறது என்று யாராவது கேட்டால், சீனி இனிப்பான பொருள், அதனால் இனிக்கிறது என்றுதான் சட்டென்று சொல்வோம். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்ற வரிசை வீட்டு அடுப்படியில் சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கு ஒரு சொட்டுக் கித்துள் பாணி வைத்துப் பாருங்கள். முகர்ந்துவிட்டுப் போய்விடும், ஏனென்றால் பூனைக்கு இனிப்பு என்ற சுவையே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி உருவாக இரண்டு மரபணுக்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பூனையிலும் புலியிலும் அதில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் கண்டுபிடித்தார்கள். இறைச்சியே கதி என்று வாழும் விலங்குக்கு இனிப்பு தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். அந்த மரபணு கெட்டுப்போன பூனைகளும் குறையில்லாமல் பிழைத்துக் குட்டி போட்டன, பழுது அப்படியே பரம்பரையாக வந்துவிட்டது.

நம் கதை வேறு. நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான முன்னோர்கள் பழம் தின்றவர்கள். எது பழுத்தது, எதில் சக்தி அதிகம் என்று நாக்கால் பிரித்தறிய முடிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தின்றார்கள், கொஞ்சம் கூடுதலாகப் பிள்ளை பெற்றார்கள். கோடிக்கணக்கான வருடங்கள் இப்படியே போனால், மிஞ்சியிருப்பவர்கள் எல்லோரும் இனிப்பென்றால் முகம் மலருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். பரிணாம விளக்கம் என்று சொல்வது இவ்வளவுதான். யாரும் திட்டம் போடவில்லை, உடம்பு எதையும் 'வேண்டும்' என்று நினைத்து மாறவும் இல்லை. வித்தியாசங்கள் தற்செயலாக வந்தன, பிழைக்க உதவியவை தங்கின.

சாப்பாட்டைப் பற்றி வரும் எந்தக் கேள்விக்கும் இரண்டு விதமான பதில் இருக்கிறது, ஆரம்பத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒன்று, 'இது எப்படி நடக்கிறது?' என்பதற்கான பதில். இன்னொன்று, 'இப்படி நடக்கிற உடம்பு நமக்கு ஏன் வாய்த்தது?' என்பதற்கான பதில். மசக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை விரும்பிச் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பின் வாசம் பட்டதுமே ஒரு பெண் குமட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். எப்படி என்று கேட்டால், நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற இயக்குநீர் மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது என்பது பதில், 2023இல் இதற்கு வலுவான சான்று வந்தது. ஏன் என்று கேட்டால், கருவின் உறுப்புகள் உருவாகும் அந்த முதல் மூன்று மாதத்தில் கிருமியோ நச்சோ உள்ளே போகாமல் தடுப்பதால்தான் இந்தக் குமட்டல் நிலைத்திருக்கலாம் என்பது 2000ஆம் ஆண்டு சாமுவேல் ஃபிளாக்ஸ்மனும் பால் ஷெர்மனும் முன்வைத்த வாதம். இறைச்சி, மீன், முட்டை போன்ற எளிதில் கெட்டுப்போகும் உணவுகள்மேல் அதிகமான வெறுப்பு வருவதை அவர்கள் காட்டினார்கள். இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். அப்புறம் ஒரு விஷயம். அந்த நிலையில் கூடை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவளைப் பார்த்து 'வேலைக்கு வரச் சோம்பல், நடிக்கிறாள்' என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவள் நடிக்கவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால் அது பரிணாமம் பார்த்துக்கொள்ளும் விஷயமும் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இனிப்பும் கசப்பும் யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. 1970களில் ஜெருசலேமில் ஜேக்கப் ஸ்டைனர் என்பவர், பிறந்து சில மணிநேரமே ஆன, இன்னும் ஒரு வாய்ப் பால்கூடக் குடிக்காத குழந்தைகளின் நாக்கில் சொட்டுச் சொட்டாகச் சுவைகளை வைத்துப் பார்த்தார். இனிப்புக்கு முகம் தளர்ந்தது, உதட்டைச் சப்பினார்கள். கசப்புக்கு வாயைக் கோணிக்கொண்டு நாக்கை வெளியே தள்ளினார்கள். நம் அம்மாயிகளுக்கு இது புதிய செய்தி இல்லை. பால்குடி மறக்காத பிள்ளைக்கு மார்பில் வேப்பெண்ணெயோ கற்றாழைச் சாறோ தடவி விடுவது எந்த நம்பிக்கையில்? பேச்சு வராத பிள்ளைக்கும் கசப்பு புரியும் என்ற நம்பிக்கையில்தானே. பிறந்த பிள்ளைக்குச் சேனை என்று சீனித்தண்ணி தொட்டு வைப்பதும் அப்படித்தான், பிள்ளை சப்புக்கொட்டாமல் இருக்காது. (ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்றுதான் இன்றைய வைத்தியம் சொல்கிறது, தாய்ப்பாலே போதுமான இனிப்புதான்.)

இனிப்பை உணர நமக்கு ஒரே ஒரு ஏற்பிதான் முக்கியமாக வேலை செய்கிறது. கசப்புக்கோ ஏறத்தாழ 25 வகை. ஏன் இத்தனை? சக்தி தரும் சர்க்கரைகள் ஒன்றுக்கொன்று ஒத்தவை, நச்சுகள் அப்படியில்லை. செடியால் ஓட முடியாது, உதைக்க முடியாது, அதனால் தின்ன வருகிறவனை விரட்ட இலையிலும் கொட்டையிலும் விதவிதமான ரசாயனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் பலவற்றை நம் நாக்கு கசப்பு என்ற ஒரே எச்சரிக்கையாகச் சொல்கிறது. நாம் காலையில் எழுந்ததும் தேடுகிற தேயிலையே இதற்கு நல்ல உதாரணம். கொழுந்தில் இருக்கும் கஃபீன் பூச்சிகளுக்கு எதிரான செடியின் ஆயுதம், அது பூச்சிகொல்லியாக வேலை செய்வதை ஜேம்ஸ் நாதன்சன் 1984இல் காட்டினார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கிற அந்த இளங்கொழுந்தில்தான் கஃபீன் செறிவாக இருக்கும், முற்றிய இலையில் குறைவு. பூச்சிக்குப் பிடித்த இளசான பாகத்துக்குத்தான் காவலும் அதிகம்.

எல்லோருக்கும் கசப்பு ஒரே அளவில் தெரிவதும் இல்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் 'தாங்க முடியாத கசப்பு' என்றார், ஃபாக்ஸின் நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நக்கிப் பார்த்துச் சண்டை போடாத குறை. அது பரம்பரை விஷயம் என்று பிறகு தெரியவந்தது, 2003இல் அதற்குரிய மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுதான் கோவா, நோக்கோல் குடும்பத்து மரக்கறிகளில் உள்ள கசப்பையும் சிலருக்குக் கூட்டிக் காட்டுகிறது. ஆகவே நுவரெலியா பக்கத்து நோக்கோலை ஒரு பிள்ளை அள்ளி அள்ளித் தின்ன, கூடப்பிறந்தது தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தால், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் வாயிலும் இருப்பது ஒரே சுவையாக இல்லாமலும் இருக்கலாம்.

சரி, கசப்பு எச்சரிக்கை என்றால் நாம் ஏன் பாகற்காயும் வல்லாரையும் பிளேன்டீயும் விரும்புகிறோம்? நாக்கு சொல்வது முதல் வார்த்தை மட்டும்தான், அதற்கு மேல் அனுபவம் பேசும். மலையில் பழைய ஆட்கள் பிளேன்டீ குடிக்கும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். தேத்தண்ணியில் சீனி போடமாட்டார்கள். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் ஒரு நக்கு, உடனே கொதிக்கக் கொதிக்க ஒரு மிடறு. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கும், அந்த இழுப்பு மேலே வருவதற்குள் இனிப்பு முந்திக்கொள்கிறது, கால் மணி நேரத்தில் கஃபீன் தலைக்கு ஏறிக் களைப்பும் குறைகிறது. இது நாள்தோறும் நடந்தால் மூளை கணக்குப் போட்டுவிடும்: இந்தக் கசப்புக்குப் பின்னால் நல்லது வருகிறது. சிறு வயதில் பிளேன்டீ முகத்தைச் சுளிக்க வைத்தாலும் வளர்ந்த பிறகு அது இல்லாமல் தலை இடிப்பது இப்படித்தான். மனிதன் மட்டும் இல்லை, டான்சானியாவின் மஹாலே மலையில் நோய்ப்பட்ட சிம்பன்சி ஒன்று வெர்னோனியா என்ற கடுங்கசப்புச் செடியின் தண்டைப் பட்டை உரித்துச் சப்பியதை மைக்கேல் ஹஃப்மன் 1987இல் பார்த்துப் பதிவு செய்தார்.

இதிலிருந்து நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். பரிணாமம் நமக்கு உணவுப் பட்டியல் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இனிப்பு, உப்பு, கொழுப்பு, புரதச் சுவை ஆகியவற்றின் பக்கம் ஒரு சாய்வு, கசப்பிடமும் அழுகலிடமும் ஒரு பயம், மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ளப் பெரிய திறமை, இவ்வளவுதான் கொடுத்தது. மூங்கிலையே தின்னும் பாண்டாவுக்குக் 'காலையில் என்ன சாப்பிடலாம்' என்ற பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் தின்னக்கூடிய எலிக்கும் மனிதனுக்கும் அது பெரிய பிரச்சினை: புதியதைத் தின்னாவிட்டால் பட்டினி, தின்றால் விஷமாக இருந்துவிடலாம். இதை அனைத்துண்ணியின் இக்கட்டு என்று 1976இல் பால் ரோசின் பெயரிட்டு எழுதினார். எலி இதைச் சமாளிக்கும் விதம், புதிய தீனியைக் கொஞ்சமாக ருசித்துவிட்டுக் காத்திருப்பது. ஒரு தடவை வயிற்றைக் கலக்கினால் அந்தச் சுவையைப் பிறகு தொடாது, ஜான் கார்சியா 1955இல் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். ஏதோ ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தவருக்கு அந்தக் கறியின் பெயரைக் கேட்டாலே பல வருடம் வரை வயிறு புரள்வதும் இதே ஏற்பாடுதான், உண்மையில் கறிமேல் தப்பே இல்லாமல் காய்ச்சலால் வந்த வாந்தியாக இருந்தாலும்கூட.

மனிதனுக்கு எலியைவிட ஒரு பெரிய வசதி: மற்றவர்கள் பட்டதை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மரவள்ளிக்கிழங்கில் சயனைடைக் கொடுக்கும் பொருள் இருக்கிறது. நம் வீடுகளில் அதைத் தோல் சீவி, பானையை மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டுவார்கள். 'மரவள்ளி தின்றுவிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடிக்காதே' என்றும் எச்சரிப்பார்கள். மூடாமல் அவித்தால் நச்சு ஆவியோடு போகும் என்பதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் தெரிந்துதான் யாரும் செய்தார்கள் என்பதில்லை, பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்கிறோம். ரசாயனம் படிக்காத ஒருத்தி தன் பிள்ளைகளைக் காப்பாற்றும் அறிவை அடுப்படியிலேயே கையிலிருந்து கைக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். செடிகளில் சோடியம் மிகக் குறைவு, நரம்பும் தசையும் வேலை செய்ய அது கட்டாயம் வேண்டும், வியர்வையில் வெளியேறவும் செய்யும். அதனால்தான் மாடு உப்புக்கல்லை நக்குகிறது, கென்யாவின் எல்கன் மலையில் யானைகள் குகைக்குள் இருட்டில் நுழைந்து உப்புப் பாறையைத் தந்தத்தால் பெயர்த்துத் தின்கின்றன. நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில் வரும் கித்துல்கலையின் பெலிலெனா குகையில், 27,000 வருடங்களுக்கும் முன்பே கடலோரத்திலிருந்து உப்பு கொண்டுவரப்பட்டிருக்கிறது என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகல எழுதியிருக்கிறார். விவசாயம் இல்லை, சட்டி பானை இல்லை, தோட்டமும் ரோட்டும் இல்லை, அடர்ந்த மழைக்காடு மட்டும்தான். அதைத் தாண்டி உப்பைக் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது! இன்றைக்கு நம் சிக்கல் தலைகீழ். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. கருவாடு, நெத்தலி, ஊறுகாய், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டுவது மிகச் சுலபம், நாக்கோ இன்னும் 'கிடைத்தபோதே எடுத்துக்கொள்' என்ற பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாசி என்ற காய்ந்த மீனை இடித்துப் போட்ட சம்பலின் ருசி இன்னொரு வகை. 1908இல் ஜப்பானில் கிகுனே இகெதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, அது தனிச் சுவை, பெயர் உமாமி என்றார். புரதம் உடைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. தாய்ப்பாலிலும் குளுட்டமேட் நிறைய இருக்கிறது. சம்பலில் ஒரு சின்னத் துண்டு மாசியை இடித்துப் போட்டாலே முழு ரொட்டியும் இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ரொட்டியைப் பரிணாமத்தால் விளக்கப் போனால் தப்பாகிவிடும். மாச்சத்தின் மீதான விருப்பம் பழையது. வாயிலேயே எச்சில் அதைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிடும், அந்த நொதியைச் செய்யும் மரபணுவின் பிரதிகள் மாச்சத்து அதிகம் தின்கிற மக்களிடம் சராசரியாகக் கூடுதலாக இருப்பதாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு மேல் எல்லாம் வரலாறு. இந்த நாட்டு வயல்களில் கோதுமை விளைவதில்லை. கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைக்காகவும் கூட்டிவரப்பட்ட நம் ஆட்கள் சோறும் கேழ்வரகும் தின்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள். கப்பலில் வந்த மா அவர்கள் கைக்கு வந்தது. விடியுமுன் பிசைந்து தட்டிச் சுட்டு, துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம், குழம்பு இல்லாவிட்டாலும் கட்டச் சம்பல் போதும். வேலை நேரம், கையில் இருந்த காசு, கடையில் கிடைத்த சாமான் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு மக்களின் நாக்கை உருவாக்கின. 'மலைநாட்டு ஆட்களுக்கு மாவும் சீனியும் இயற்கையாகவே பிடிக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீனி எல்லோருக்கும் பிடிக்கும். எட்டு மணி நேரம் சரிவில் நிற்கிற உடம்புக்கு மிக மலிவாகக் கிடைத்த சக்தியும் அதுவாகவே இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

பரிணாமக் கதைகளில் எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்று பழக உறைப்பு நல்ல இடம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பக்கம் வேரூன்றியது. ஐந்நூறு வருடம் என்பது சுமார் இருபது தலைமுறை, அதற்குள் நம் உடம்பு மிளகாய்க்கென்று மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மிளகாயின் காப்சைசின் நாக்கில் சுவையாகப் படுவதே இல்லை, சூட்டை உணரும் ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. 1997இல் அந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. பறவைகளுக்கு அந்த உறைப்பு எரிவதில்லை. கொச்சிக்காயைக் குருவி விழுங்கி விதையைத் தூரத்தில் போடும், மென்று விதையை நொறுக்கும் பாலூட்டிகளுக்கு மட்டும் எரியும். செடிக்கு இது லாபம்.

அப்படியானால் எரிகிறதை நாம் ஏன் கேட்டு வாங்கித் தின்கிறோம்? 1998இல் ஜெனிஃபர் பில்லிங்கும் மேலே சொன்ன ஷெர்மனும் 36 நாடுகளின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகளைப் பார்த்து, வெப்பமான நாடுகளில் மசாலா அதிகம், மசாலா கிருமியைக் கொல்லும், ஆகவே அது உணவு கெடாமல் இருக்க வந்த பழக்கம் என்றார்கள். கேட்க மிக அழகாக இருக்கிறது, பல வருடம் எல்லோரும் இதையே சொன்னார்கள். 2021இல் லிண்டல் பிரோமமும் கூட்டாளிகளும் 70 சமையல் மரபுகளின் 33,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை எடுத்து, அக்கம்பக்கத்து மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் சமையலைக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்த விளக்கம் நிற்கவில்லை. நுவரெலியாவின் குளிரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு அடுப்பருகில் குந்தியிருக்கிறோம், சம்பலில் உறைப்பு மட்டும் மதுரைப் பக்கத்து வெயிலில் தின்றவர்களின் அளவுக்குக் குறையவில்லை. மனிதர்கள் மலை ஏறும்போது அம்மியையும் கூடவே கொண்டுபோகிறார்கள். ஒரு பரிணாம விளக்கத்தைக் கேட்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: இந்த விளக்கம் தப்பாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க வழி இருக்கிறதா, வரலாறோ வறுமையோ பக்கத்து ஊர்ப் பழக்கமோ இதே விஷயத்தை இன்னும் எளிதாக விளக்கிவிடுகிறதா.

பால் விஷயத்தில் அப்படியொரு சோதனையில் விளக்கம் நன்றாகவே தேறியிருக்கிறது. பால்குடி மறந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துபோவதுதான் பாலூட்டிகளின் வழக்கம். மாடு வளர்த்த சில மக்களிடம் மட்டும், கடந்த பத்தாயிரம் வருடங்களுக்குள், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மரபணு மாற்றத்தால் அந்தத் திறன் வளர்ந்த பிறகும் நீடித்தது. இந்தியாவில் வடமேற்கில் அது அதிகம், தெற்கில் குறைவு. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது என்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை, தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியைப் பக்டீரியா முன்பே தின்றுவிட்டிருக்கும்.

கடைசியாகப் பிள்ளைகள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் புதிய சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வார்கள், முக்கியமாகக் கீரையையும் மரக்கறியையும் கண்டால். தவழ்கிற பிள்ளை வாயில் போடுவதைத் தாய் பார்த்துக்கொள்வாள். நடந்து காட்டுப் பக்கம் போகிற பிள்ளை கண்ட இலையையும் காயையும் தின்றுவிடாமல் இருக்க இந்தப் பயம் உதவியிருக்கும் என்பது நியாயமான ஊகம். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்கு ஊட்டுகிற ஆயாமாருக்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும். ஆனால் இந்தப் பயம் பழக்கத்துக்கு இளகும். மோனெல் நிலையத்தின் ஜூலி மெனெல்லா 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலோ பால் கொடுக்கும்போதோ கரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கரட் சுவையுள்ள கூழை மற்றக் குழந்தைகளைவிடக் குறைவான முகச்சுளிப்போடு ஏற்றுக்கொண்டார்கள். தாய் தின்பதன் வாசம் பனிக்குட நீரிலும் பாலிலும் கலந்து பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகிற மலையிலிருந்து அவை லொறி லொறியாகக் கீழே போக, பிள்ளைத்தாய்ச்சி வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வேலைக்குப் போவது எனக்கு ஆறாத வருத்தம். அவள் தட்டில் ஒரு கை மரக்கறி கூடினால் அது இரண்டு பேருக்கான சாப்பாடு.

வளர்ந்த பிள்ளைக்கு வல்லாரைச் சம்பலை முதல் நாள் வைத்துத் துப்பிவிட்டால் 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எட்டிலிருந்து பதினைந்து தடவை ருசித்த பிறகே பல பிள்ளைகள் ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. விரல் நுனியளவு வைத்தால் போதும், தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போடலாம், தேசிக்காய் பிழியலாம், அடிக்கவோ 'இதைத் தின்றால் டொஃபி தருவேன்' என்று பேரம் பேசவோ வேண்டாம். அதே தட்டிலிருந்து நீங்களும் எடுத்துச் சாப்பிடுங்கள், பிள்ளை உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.